கண்மருந்துக் குப்பியில் பெற்றோல்

போன கிழமை என் மகள் ஓர் உலகத்தின் எல்லையைக் கண்டுபிடித்தாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய அப்பாவின் பழைய போனில் ஒரு விளையாட்டு இருக்கிறது. வெறுங்கையோடு ஒரு காட்டுக்குள் விட்டுவிடுவார்கள். மரம் வெட்டி, மண் கிண்டி, கல் உடைத்து, ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு, இருட்டினால் வருகிற பேய்களிடம் அகப்படாமல் உயிரோடு இருக்க வேண்டும். புதிய போன்களில் அந்த உலகத்துக்கு முடிவே இல்லையாம். இந்தப் பழைய போன் அவ்வளவைத் தாங்காது என்பதால் இதற்குச் சின்ன உலகம். நடந்துகொண்டே போனால் ஓரிடத்தில் கால் நின்றுவிடும். சுவர் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு அப்பால் கடல் அலைந்துகொண்டிருப்பதும் தெரியும். ஆனால் போக முடியாது.

அவள் அந்த எல்லையை நான்கு பக்கமும் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“அம்மா, இரும்பு முடிஞ்சுது.”

“எங்க முடிஞ்சுது?”

“முழு உலகத்திலயும். எல்லா இடமும் கிண்டிப் பாத்திட்டன். இனி மூண்டு துண்டுதான் இருக்கு. பெட்டிக்குள்ள வைச்சிருக்கிறன்.”

மரம் தறித்தால் திரும்ப நடலாம், ஆடு குட்டி போடும், கோதுமை விளையும். இரும்பு மட்டும் உலகம் உண்டாகும்போது போட்டது போட்டதுதான் என்று எனக்கு விளங்கப்படுத்தினாள். அந்த மூன்று துண்டையும் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். ஒன்றும் செய்யமாட்டாளாம். வைத்திருப்பாளாம். பக்கத்தில் இருந்த இவர் சிரித்தார்.

“அதை அழிச்சுப்போட்டுப் புதுசா ஒரு உலகம் துவங்கன். விளையாட்டுத்தானே.”

“அப்ப இதில இருக்கிற ஆடுகள், அப்பா?”

நான் எழுந்து குசினிக்குள் போய்விட்டேன். அடுப்புக்குப் பக்கத்தில் தீப்பெட்டி எத்தனை இருக்கிறது என்று எண்ணினேன். கொஞ்சக் காலத்துக்கு முன் நாடு முழுக்க எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோதும் நான் இப்படித்தான் செய்தேன். மற்றவர்கள் புதிதாகப் பயந்தார்கள். என்னிடம் பழைய பயம் ஒன்று தயாராக இருந்தது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நாங்களும் ஒரு சின்ன உலகத்துக்குள்தான் இருந்தோம். மல்லாவியிலிருந்து ஆறு கட்டை, அதாவது ஆறு மைல் உள்ளே, குளத்து நீரில் நெல் விதைக்கிற குடியேற்றத் திட்டத்தில் எங்கள் வீடு. சண்டையால் வன்னிக்குள் சாமான் போகவிடாத தடைக்காலம் அது. வடக்கே ஆனையிறவு, தெற்கே ஓமந்தை, மற்ற இரண்டு பக்கமும் கடல். அதற்குள்ளே இருந்தது இருந்ததுதான். சோப், தீப்பெட்டி, பற்றறி, சைக்கிள் ரியூப், மோட்டார் சைக்கிளுக்குப் பொறி தட்டுகிற பிளக், எல்லாம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு போயின. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தோம். பெரியவர்கள் இதைப் பற்றிக் கவலையோடு கதைப்பார்கள். எனக்குக் கவலை இருக்கவில்லை. வேறு உலகம் எதையும் நான் கண்டிருக்கவில்லை. ஓமந்தைக்கு அங்கால் ஐஸ்கிரீம் இருக்கிறது என்று மாமா சொல்லுவார். மாமா நிறையப் பொய் சொல்லுவார் என்பதால் அதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அந்த நாளில் வன்னியில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயில் இயந்திரம் பிடிக்காது. ஓடத் தொடங்குவதற்கு மட்டும் பெற்றோல் வேண்டும். அதனால் கண்ணுக்கு விடுகிற மருந்துக் குப்பி ஒன்றில் எல்லோரும் பெற்றோல் வைத்திருந்தார்கள். குழாயைக் கழற்றி இரண்டு சொட்டு விட்டு, அது காய்வதற்கு முன் உதைக்க வேண்டும். பிடித்துக்கொண்டால் வெள்ளைப் புகையை அள்ளி எறிந்துகொண்டு ஓடும். மாமா ஊருக்குள் வந்தால் ஆளுக்கு முன்னால் புகைதான் வந்து சேரும்.

வேலை இல்லாத நேரங்களில் அவர் எனக்கு ஒரு விளையாட்டுச் சொல்லித் தந்தார். முற்றத்து மணலில் தடியால் ஒரு பெரிய கோடு கீறி, இதுதான் உலகம், இதுக்கு அங்கால ஒண்டும் இல்லை என்பார். ஆளுக்கு இருபது புளியங்கொட்டை. ஒன்று சோப், ஒன்று தீக்குச்சி, ஒன்று மண்ணெண்ணெய் என்று பெயர் வைத்துக்கொள்வோம். சோகிச் சிப்பிகளைக் குலுக்கிப் போட்டு நடக்க வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு கொட்டையைச் செலவழித்துக் குழிக்குள் போட வேண்டும். குழிக்குள் போனது திரும்ப வராது. கடைசிக் கொட்டை யாரிடம் இருக்கிறதோ அவருக்கு வெற்றி.

நான் சட்டை மடிக்குள் குசினியிலிருந்து எடுத்த கொட்டைகளை ஒளித்து வைத்திருப்பேன். மாமா வெற்றிலைக்குத் திரும்பும்போது இரண்டு மூன்றை என் பக்கத்தில் போட்டுவிடுவேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு முகத்தை வலு கவலையாக வைத்துக்கொள்ளுவார்.

“பிள்ளை, உன்ர உலகத்துக்கு மட்டும் எங்கயோ கப்பல் வருதுபோல.”

“இல்லை மாமா. நான் சிக்கனமாச் செலவழிக்கிறனான்.”

“ஓமோம். உன்னைச் சாமான் பங்கிடுற அரசாங்க அதிபராப் போடவேணும்.”

அந்த வருடம் அம்மாவுக்கு வயிற்றில் பிள்ளை. நான் பிறந்தபோதே அவா கஷ்டப்பட்டவா. இந்தமுறை வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது, பிரசவ நோக் கண்ட உடனே மல்லாவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டுப் போனா. அன்று முதல் மாமா மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. மண்ணெண்ணெய் தாங்கியை நிரப்பிச் சாக்கால் மூடி வைத்தார். கண்மருந்துக் குப்பியில் முக்கால்வாசி பெற்றோல் இருந்தது. அதைக் குசினித் தட்டில் உப்புப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

“இது அக்காவின்ர. ஆரும் தொடக்கூடாது. அத்தான், உங்களுக்கும்தான் சொல்லுறன்.”

அப்பா சிரித்தார். “நான் என்ன, குடிக்கப்போறனோ?”

நான் தொட்டேன்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மாமா ஒருமுறை சொட்டு விடும்போது கீழே இருந்த தண்ணீரில் ஒரு துளி விழுந்து, நீலம், ஊதா, மஞ்சள், பச்சை என்று விரிந்து ஓடியதைப் பார்த்திருந்தேன். அந்த வருடத்தில் எங்கள் வீட்டில் அதைவிட வடிவான பொருள் எதுவும் இருக்கவில்லை. அம்மா மத்தியானம் படுத்திருக்கும் நேரத்தில், கோழிக்குத் தண்ணீர் வைக்கிற சட்டியில் ஒரு துளி விடுவேன். நிறங்கள் ஓடி முடியும். இன்னொரு துளி. ஒரு நாளைக்கு இரண்டுதான் என்று எனக்கு நானே சட்டமும் போட்டிருந்தேன். சட்டத்தைப் போட்டவளே அதைத் திருத்தவும் செய்தாள்.

ஒரு நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது குப்பியில் அடி மட்டும்தான் இருந்தது. எனக்குப் பெரிய பதற்றம் வரவில்லை. குறைந்தால் நிரப்ப வேண்டும், எனக்கு அது பழகிய வேலை. ஜாம் போத்தல் விளக்கைத் திறந்து மண்ணெண்ணெயைச் சிந்தாமல் குப்பிக்குள் ஊற்றினேன். முன்பு இருந்த அளவுக்குச் சரியாக வந்தது. மோட்டார் சைக்கிள் ஓடுவதே மண்ணெண்ணெயில்தானே என்று யோசித்ததும் ஞாபகம் இருக்கிறது. குப்பியைத் துடைத்து உப்புப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

ஏழெட்டு நாள் கழித்து, காலைப் புட்டு அவிந்துகொண்டிருக்கும்போது அம்மாவுக்கு நோக் கண்டது. அப்பா வயலுக்கு நீர் கட்டப் போயிருந்தார். மாமா ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு மாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவை நடுவில் இருத்தி, மாமி பின்னால் இருந்து பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. இருக்கையில் தலையணைகூடக் கட்டியாகிவிட்டது.

மாமா சொட்டு விட்டு உதைத்தார். பிடிக்கவில்லை. திரும்பவும் விட்டு உதைத்தார். அம்மா வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றா.

“தம்பி, கெதியாப் பாரடா.”

“இந்தா அக்கா. இப்ப பிடிச்சிடும்.”

எத்தனை தரம் உதைத்தார் என்று தெரியாது. வேர்வை நாடியால் ஒழுகியது. பிறகு உதைப்பதை நிறுத்திவிட்டுக் குப்பியை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு துளியை விரல் நுனியில் விட்டு ஊதினார். பெற்றோல் என்றால் ஊதின உடனே பறந்துவிடும். இது விரலில் மினுங்கிக்கொண்டு நின்றது. மாமா தலையை நிமிர்த்தினார். நான் குசினி வாசலில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார்.

குப்பியைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“பிளக் செத்துப்போச்சு அக்கா,” என்றார். “கரி பிடிச்சிட்டுது. நான் வண்டில் பிடிச்சுக்கொண்டு வாறன்.”

மாட்டு வண்டில் இரண்டு வீடு தள்ளி இருந்தது. மாடுகள் காட்டுக்கரையில் மேயப் போயிருந்தன. அவற்றைத் தேடிப் பிடித்து, பூட்டி, ஆறு கட்டைத் தூரம் கிறவல் றோட்டில் போய்ச் சேர மத்தியானம் கழிந்துவிட்டது. மாமா வண்டிலில் ஏறவில்லையாம். மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முழுத் தூரமும் முன்னால் ஓடினாராம். மாமி பிறகு சொன்னா.

என் தம்பி அழாமல் பிறந்தான். முன்னமே வந்திருந்தாலும் ஒன்றும் சொல்ல ஏலாது என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொன்னாராம். கொஞ்சம் முன்னம் வந்திருந்தால் என்று இன்னொருவர் சொன்னாராம். வீட்டுக்கு இரண்டாவது பேச்சு மட்டும்தான் வந்து சேர்ந்தது.

அப்பா தம்பியை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த பின்னேரம், மாமா முற்றத்தில் நின்றார்.

“ஒரு பிளக்கைத் துடைச்சு வைக்க உனக்கு நேரமில்லாமப் போச்சோ?” அப்பா சத்தம் போடவில்லை. “ஒரு மாசமாச் சும்மா நிண்ட சைக்கிள்.”

“என்ர பிழைதான் அத்தான்.”

அம்மா நாலு நாள் கழித்து வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தா. மாமா தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தால் அது அப்படியே ஆறிக் கிடக்கும். வீட்டில் அவரைத் தவிர மூன்று பேர், அவரோடு கதைக்கிற ஆள் நான் மட்டும்தான். அதுவும் சரியாகக் கதைக்கவில்லை. ஏன் இப்போது விளையாட வருகிறீர்களில்லை என்று நச்சரித்தேன்.

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் உண்மை. பிளக் என்று மாமா சொன்ன அந்த நிமிடமே எனக்குள் ஏதோ இறங்கியது. பிளக்தான். நான் இல்லை. முதல் நாள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். இரண்டு மூன்று நாளில் சொல்லிக்கொள்ளத் தேவை இருக்கவில்லை. முழுதாக நம்பிவிட்டேன். குப்பியை நிரப்பினது வேறு யாரோ பிள்ளை செய்த வேலை போலத் தூரமாகிவிட்டது.

அந்த மாதம் முழுக்க அப்பா பிளக் தேடி அலைந்தார். வயலை விட்டுவிட்டுச் சைக்கிளில் மல்லாவிக்குப் போனார், மாங்குளத்துக்குப் போனார், இன்னும் எங்கெங்கோ போனார். தேடியிருந்தால் கிடைத்திருக்கும் என்று மாமாவின் முகத்துக்கு நேரே காட்டுவதற்காகத்தான் போனார் என்று இப்போது நினைக்கிறேன். கடைக்காரர்களிடம் கேட்டார். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களிடமும் கேட்டார். பழுதான வண்டிகளைக்கூடத் திறந்து பார்த்தாராம். ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு வந்து, கிணற்றடியில் கால் கழுவிவிட்டுச் சாப்பிடுவார்.

பிறகு ஒரு காலையில் மாமா தன் உடுப்பை ஒரு பையில் கட்டினார். வற்றாப்பளையில் ஒரு சிநேகிதன் இருக்கிறான், அங்கே போய் நிற்கப்போகிறேன் என்றார். யாரும் மறிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. இடப்பெயர்வுகள் வந்தன. எங்கள் பாதையும் அவருடைய பாதையும் ஓரிடத்திலும் சந்திக்கவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்கிற வயது எனக்கு வந்தபோது கேட்பதற்கு அவர் இல்லை.

அன்று அவர் மோட்டார் சைக்கிளின் சாக்கை எடுத்தார். யாரிடமோ இரந்து வாங்கிய பெற்றோல் ஒரு சின்னப் போத்தலில் இருந்தது. இரண்டு சொட்டு விட்டு ஒரே உதைதான் உதைத்தார். பிடித்துக்கொண்டது.

அப்பா முற்றத்தில் கதிரையில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

“பிளக் எங்க எடுத்தனி?”

“ஒருத்தன் தந்தவன் அத்தான்.”

“ஆர்?”

மாமா அப்பாவைப் பார்க்காமல் என்னிடம் வந்தார். என் தலையில் ஒருமுறை கையை வைத்துவிட்டு ஏறிப் போனார். வெள்ளைப் புகை வேலிப் படலைவரை நின்றது. அப்பா கதிரையை விட்டெழுந்து அந்தப் புகைக்குள் போய் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கையையும் தூக்கிக் கூப்பிடப்போனவர்போல நின்றார். கூப்பிடவில்லை.

திரும்பி வந்து என் முன்னால் குந்தினார். என் முகத்தையும் கைகளையும் கனநேரம் பார்த்தார்.

“சாப்பிட்டியோ பிள்ளை?” என்றார்.

சாப்பிட்டுவிட்டேன் என்றேன். அது அவருக்குத் தெரியும். என்னோடு இருந்துதான் அவரும் சாப்பிட்டவர். கொஞ்சம் பொறுத்து, அதையே இன்னொருமுறை கேட்டார். பிறகு கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாகத் தண்ணீரை முகத்தில் அள்ளி ஊற்றினார். அந்த நாளிலிருந்து சாகும்வரை பிளக் என்ற சொல்லை அவர் எங்கள் வீட்டில் சொல்லவில்லை.

மாமா போனதோடு அப்பாவின் கோபம் ஆறிவிட்டது, அதுதான் என்னோடு இவ்வளவு அன்பாக இருக்கிறார் என்று நினைத்தேன். மாமாவுக்குப் புதுப் பிளக் கிடைத்துவிட்டதில் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. வன்னி முழுவதிலும் அன்றைக்கு ஒரு பிளக்கும் இல்லை என்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.