நீயே தட்டு

அலுவலகத்தில் அவளுக்குக் கருந்திரை என்று பெயர். மற்றவர்கள் எல்லாம் மவுஸைப் பிடித்துக்கொண்டு வண்ணத் திரையில் உலவிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாய்க் கட்டளைகளைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவள் அதைப் பட்டம் வாங்கியதுபோல வைத்துக்கொண்டாள். நில அளவையாளரான அவளுடைய அப்பா நடத்திய அலுவலகம் அது. அங்கே சர்வர் என்று ஒன்று வந்ததும், வந்தது ஒழுங்காக ஓடியதும் அவளால்தான்.

அப்பா இளம் வயதிலிருந்து வெயிலில் நின்று அளந்து, கையால் வரைந்த வரைபடங்கள் அலமாரி அலமாரியாகக் கிடந்தன. ஈரம் ஏறி ஓரமெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தன. அத்தனையையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, சர்வரில் ‘பழையவை’ என்ற ஃபோல்டரில் சேர்த்தவள் அவள். “இன்னொரு பிரதி எடுத்து வைக்கணும்பா, தனியா ஒரு டிஸ்க் வாங்கித் தாங்க” என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். “இருக்கிறது போதாதா?” என்பார் அப்பா. காகிதங்கள் மட்கிப்போய்த் தூக்கி எறியப்பட்டன. ஸ்கேன் மட்டும் மிஞ்சியது.

பிறகு தம்பி வந்தான். ஏதோ ஒரு கோர்ஸ் முடித்திருந்தான், அதில் பாதி வகுப்புக்குத்தான் போயிருந்தான். ஆனாலும் மகன் அல்லவா? சர்வர் பொறுப்பு அவன் கைக்குப் போனது. அவன் கேட்டதும் தனி டிஸ்க்கும் வந்தது. அக்காவும் தம்பியும் நாலு பேர் கேட்கச் சண்டை போட்டார்கள். மறுநாள் காலை அவளுடைய பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. ‘பழையவை’ ஃபோல்டரில் ஒரு வரைபடம்கூட இல்லை.

“கோபத்துல அக்காதான் அழிச்சிட்டா” என்றான் தம்பி.

அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து நின்றுவிட்டார். வேலை பார்ப்பவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. நீ யாரும் இல்ல. வெளிய போ.”

போனாள். போன பிறகு அப்பாவுக்கு ஃபோன் அடித்தாள். மணி முழுதாக அடித்து ஓயும். மறுநாளும் அடிப்பாள். அதுவும் ஓயும். ஒரு நாள் அவளே ஓய்ந்தாள். ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது, நல்ல வேலைதான். “பெத்தவர்தானே, விட்டுத் தொலையேன்” என்று கணவர் சொன்னபோதெல்லாம் சிரித்தாள். உள்ளே மட்டும் கறுவிக்கொண்டே இருந்தாள். அந்த சர்வருக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும், அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரிந்துவிடும் என்பது அவள் எண்ணம். அதை அப்பா தன் காதால் கேட்க வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த எட்டிப் பார்க்கும் நாளைத் தம்பியே ஃபோன் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

“அக்கா... சர்வர் எழுந்திரிக்க மாட்டேங்குது. காலைல கரண்ட் போய் வந்துச்சு, அப்புறம் கறுப்பாவே நிக்குது. நிறைய பேர்கிட்ட காட்டிட்டேன். எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி போடணுங்கிறாங்க.”

“அப்பா இருக்காரா?”

“இருக்காரு. ஏன்?”

“அவர் பக்கத்துல உக்காரணும். அப்பதான் வருவேன்.”

அவள் போனபோது அப்பா ஜன்னலோர நாற்காலியில், இரும்பு அளவுநாடாவை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தம்பி எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டான்.

“நீ உக்காரு. நீயே தட்டு” என்றாள்.

“எனக்கு இதெல்லாம்...”

“நான் கை வைக்க மாட்டேன். நான் தொட்டா அழிஞ்சிடும்னு இங்க சொல்லியிருக்காங்க. மறந்துட்டியா?”

அறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வேலை செய்வதுபோலப் பாவனை காட்டத் தொடங்கினார்கள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். இந்த நிமிஷத்தை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது.

திரையில், அவசர நிலை என்று சொல்லி, முழு அதிகாரம் தரும் ரூட் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு நின்றது சர்வர்.

“போடு.”

“ஞாபகம் இல்லக்கா.”

“என்னோடதை மாத்தத் தெரிஞ்சுது. மாத்தினதை ஞாபகம் வச்சுக்கத் தெரியலையா?” அப்பாவின் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். “சரி, ஆஃப் பண்ணிப் போடு. முதல்ல ஒரு பட்டியல் வரும், அதுல ‘இ’ எழுத்தைத் தட்டு. லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியோட கடைசிக்குப் போ. இனிட், ஈக்வல், ஸ்லாஷ் பின் ஸ்லாஷ் பேஷ்னு சேர்.”

அவன் ஒரு ஸ்லாஷை விட்டுவிட்டான். அவள் பார்த்தாள், சொல்லவில்லை. சர்வர் மறுபடியும் மக்கர் செய்தது. “திரும்ப” என்றாள். இரண்டாம் முறை பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல், வாசல் வழியாக இல்லாமல் கொல்லைப்புறமாக உள்ளே விட்டது.

“இப்ப எழுத அனுமதி வேணும். மவுண்ட், மைனஸ் ஓ, ரீமவுண்ட், கமா, ஆர்டபிள்யூ, அப்புறம் ஒரு ஸ்லாஷ். சரி. இப்ப எஃப்எஸ்டேப் ஃபைலைத் திற. எந்த டிஸ்க் எந்த ஃபோல்டர்ல உக்காரணும்னு அதுலதான் இருக்கும். சத்தமாப் படி.”

அவன் படித்தான். முதல் வரிகள் எல்லாம் அவள் எழுதியவை. கடைசி வரி புதிது. வெளியே செருகும் ஒரு டிஸ்க். அது உட்கார வேண்டிய இடம்: ‘பழையவை’.

அவள் அந்த வரியை மறுபடியும் ஒருமுறை படித்தாள்.

“இந்த டிஸ்க் எங்க?”

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். படம் பாக்க. பின்னாடி சும்மாதானே செருகிக் கிடந்துச்சு.”

“அது இல்லாம எழுந்திரிக்க மாட்டேன்னுதான் அடம் பிடிக்குது. அந்த வரிக்கு முன்னாடி ஒரு ஹேஷ் போடு, அதைப் படிக்காம விட்டுடும். சேவ் பண்ணு.” திரையிலிருந்து கண் எடுக்காமல் கேட்டாள். “இதை என்னைக்குப் போட்ட?”

அவன் தட்டிக்கொண்டே இருந்தான்.

“கேக்கிறேன்ல? என்னைக்கு?”

“இடம் பத்தலைன்னு மெசேஜ் வந்துச்சு. அந்த ஃபோல்டர்லதான் நிறைய இருந்துச்சு. அதுல புது டிஸ்க்கை மாட்டினா இடம் கூடும்னு நினைச்சேன்...”

“என்னைக்குடா?”

“நீ போறதுக்கு முந்தின நாள்.”

அளவுநாடா இழுபடும் சத்தம் நின்றது.

ஒரு ஃபோல்டரில் டிஸ்க்கை மாட்டினால் இடம் கூடாது. அடியில் இருப்பது மறையும், அவ்வளவுதான். தரையில் காகிதங்கள் கிடக்க, அவற்றின்மேல் பாயை விரித்த கதை. பாயை விரித்தவன், அடியில் பார்க்கத் தெரியாமல், காகிதத்தைக் காணோம் என்று அலறியிருக்கிறான்.

“சிங்க்னு தட்டு. அப்புறம் ரீபூட், மைனஸ் எஃப்.”

சர்வர் கிடுகிடுவென்று எழுந்தது. யாரோ அந்தப் பக்கம் “வந்துடுச்சு!” என்று கைதட்டப் போய், சூழ்நிலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் மட்டும் அசையவில்லை.

“இப்ப ‘பழையவை’யைத் திற.”

திறந்தான். திரை நிரம்பி, உருண்டு, நிற்காமல் ஓடின வரைபடங்களின் பெயர்கள். அத்தனையும் அவள் தட்டி வைத்த பெயர்கள்.

தம்பி திரும்பவே இல்லை. “நான்தான் அழிச்சிட்டேன்னு நினைச்சேன்கா. பயந்துட்டேன். அதான் உன்மேல...”

“என்கிட்ட சொல்லாத. அங்க சொல்லு.”

அவன் நாற்காலியைத் திருப்பினான். “அப்பா, அக்கா அழிக்கல. நான்தான் பொய் சொன்னேன்.”

அப்பா எழுந்து வந்தார். அவர் முதன்முதலில் அளந்த ஆற்றோர நிலத்தின் படத்தைக் காட்டச் சொன்னார். இளவயதுக் கையெழுத்து, கோணல் இல்லாத கோடுகள். திரையை விரலால் தொட்டார். கண் கலங்கி, முதல் முறையாக அவள் பக்கம் திரும்பினார்.

“உக்காரும்மா.”

“யாரைச் சொல்றீங்க? உங்களுக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. அவன் உக்காந்துதான் இருக்கான்.”

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “தனி டிஸ்க்ல ஒரு பிரதி எடுத்து வை” என்றாள் தம்பியிடம். “நீ கேட்டா வாங்கித் தருவாங்க.”

படியிறங்கும்போது அவளுக்கு இனித்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். அப்பா.

முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அதுவும் ஓய்ந்தது.

அவள் ஃபோனை அணைக்கவில்லை, சத்தத்தைக் குறைக்கவும் இல்லை. மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். பேருந்து வந்து நின்றது, ஓட்டுநர் அவளைப் பார்த்தார், கிளம்பிப் போனார். தான் அடித்த அளவுக்கு அவரும் அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.