இருபத்திரண்டு குரோஸ் பெருச்சாளி

எங்கள் வழக்கத்தில் மாமியார் மருமகன் முன்னால் உட்காரக் கூடாது. நேருக்கு நேர் பேசவும் கூடாது. மோர் வேண்டுமா என்று நான் மகளிடம் கேட்பேன். மகள் அவரிடம் கேட்பாள். அவர் சுவரைப் பார்த்து வேண்டாம் என்பார். அதை மகள் வந்து என்னிடம் சொல்வாள். மூன்று பேரும் இருப்பது ஒரே அறை.

சிவகாசியில் என் மகள் ஓர் அச்சகத்தில் காலண்டருக்குப் படம் அமைக்கிற வேலை பார்த்தாள். அச்சகத்தை ஒட்டியே எங்கள் வீடு. முன்னறையில் மருமகன் ஆறு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அவரே ஒரு விளையாட்டும் எழுதியிருந்தார். மூலையில் இருந்த கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர். மற்ற ஐந்தில் ஆடுகிறவர்களின் கணக்கெல்லாம் அங்கேதான் சேரும். விளையாட்டில் ஒரு காடு, காட்டுக்குள் பெருச்சாளி, பன்றி, கரடி. ஒரு பெருச்சாளியை அடித்தால் பத்து பாயிண்ட். ஆயிரம் சேர்ந்தால் ஒரு லெவல் ஏறும். செத்துப்போனால் எல்லாம் அழிந்து மறுபடி முதலிலிருந்து.

சாயங்காலம் வருகிற கல்லூரிப் பிள்ளைகள் நேரே கரடியிடம் போய்ச் சாவார்கள். எட்டாவது லெவலைத் தாண்டியவர் அவர்களில் ஒருவரும் இல்லை. ஆனால் பட்டியலின் உச்சியில் ‘விருந்தாளி’ என்று ஓர் ஆள் முப்பத்திரண்டாவது லெவலில் இருந்தான். சாத்தூரிலிருந்து எவனோ வருகிறான் என்று ஒருத்தன் சொன்னான். அவன் போலீஸ்காரர் மகன் என்று இன்னொருத்தன் சத்தியம் செய்தான்.

அது நான்தான்.

காலையில் மகள் வேலைக்குப் போவாள். மருமகன் கம்ப்யூட்டர் பழுது பார்க்க வெளியே போவார். மகள் ஒருநாள் கேலிக்காக மவுஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போனது தொற்றிக்கொண்டது. பெருச்சாளி வந்தால் அமுக்க வேண்டும், அவ்வளவுதானே. தீப்பெட்டி ஆபீஸில் சட்டத்தில் குச்சி அடுக்கிய கைக்கு இதெல்லாம் அலுக்காது. கரடி இருக்கும் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் எண்ணாமல் எனக்கு வேலை ஓடாது. ஆபீஸில் செய்தது போலவே ஒரு டஜன் பெருச்சாளிக்கு ஒரு குச்சியை ஒதுக்கி வைப்பேன். பன்னிரண்டு குச்சி சேர்ந்தால் ஒரு குரோஸ். அதைக் காலித் தீப்பெட்டியில் போட்டு மூடி, சாமி படத்துக்குப் பின்னால் அடுக்கிவிடுவேன்.

ஒருநாள் காலையில் இருபத்திரண்டு பெட்டி நிறைந்து, அடுத்த பெட்டியில் ஒன்பது குச்சியும் விழுந்திருந்தது. இன்னொரு பெருச்சாளியை அடித்தேன். திரையில் முப்பத்திரண்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு விழுந்தது. ஆபீஸில் கணக்கப்பிள்ளை சரிபார்த்த எண்ணுக்குப் பக்கத்தில் இப்படித்தான் ஒரு கோடு இழுப்பார். மருமகன் இதிலும் அப்படி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். அது முடிவதற்குள் விளையாட்டு மொத்தமும் நின்றுவிட்டது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய்விட்டேன்.

மருமகன் வந்து சர்வரை நிறுத்திப் போட்டார். ஓடியது. விருந்தாளியும் பழையபடி முப்பத்திரண்டில், கோடு இல்லாமல் இருந்தான். மறுநாள் காலை ஒரே ஒரு பெருச்சாளிதான் அடித்தேன். நின்றது. அதற்கு மறுநாளும் அப்படியே.

அந்த வாரம் பார்த்தா இப்படி ஆக வேண்டும்? மதுரையில் பதினைந்து சென்டர் வைத்திருக்கிற ஒருவர் சனிக்கிழமை வந்து விளையாட்டைப் பார்ப்பதாக இருந்தது. பிடித்துப்போனால் பதினைந்திலும் போடுவார். இல்லையென்றால் மருமகன் சென்டரை மூடிவிட்டு, பழையபடி பட்டாசுக் கம்பெனியில் லாரியில் ஏறுகிற லோடுக்குக் கணக்கு எழுதப் போக வேண்டியதுதான். வயர் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார். வைரஸ் என்றார். கடைசியில், காலையில் மட்டும்தான் நிற்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் மகள் சாப்பிட வந்தபோது, “உங்க அச்சாபீஸ்ல காலையில பெரிய மிஷினைப் போடுதாகள்ல, அதான் கரண்டை உறிஞ்சுது. நான் போயிக் கேக்கத்தான் போறேன்” என்று சட்டையை மாட்டினார்.

“போங்க, போங்க. எங்க மொதலாளிகிட்டச் சண்டை போட்டுட்டு வாங்க. நாளையிலருந்து ரெண்டு பேருமா சேந்து லோடு எழுதலாம்.”

அவர் செருப்பைத் தேடினார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து மகளின் முந்தானையைப் பிடித்து இழுத்து, காதில் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏங்க, அந்த விருந்தாளி யாருன்னு தெரிஞ்சிருச்சு.”

“எந்தப் பய அவன்?”

“மருவாதையாப் பேசுங்க. எங்க அம்மா.”

செருப்பு தேடியவர் அப்படியே நின்றார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பினார். “நிக்கிறப்ப என்ன தெரிஞ்சதுன்னு அத்தைகிட்டக் கேளு.”

“முப்பத்திரண்டுக்கு முன்னால ஒரு கோடு விழுந்துச்சுன்னு சொல்லு” என்றேன் மகளிடம்.

“கோடா? மைனஸா? எத்தனை பெருச்சாளி அடிச்சப்பன்னு கேளு. ஞாபகம் இருக்காது, சும்மா தோராயமாச் சொன்னாப் போதும்.”

தோராயமாகவா! எனக்குச் சுருக்கென்றது. சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பெட்டிகளை எடுத்து வந்து மகள் முன்னால் அடுக்கினேன். “இருபத்திரண்டு குரோஸ், ஒம்பது டசன், ஒண்ணு.”

மருமகன் கால்குலேட்டரைத் தட்டினார். மூவாயிரத்து இருநூற்று எழுபத்தேழு பெருச்சாளி. பத்தால் பெருக்கினால் முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று எழுபது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“பாயிண்டை எழுத நான் விட்ட எடம் சின்னது. முப்பத்திரண்டாயிரத்து எழுநூத்தி அறுபத்தேழு வரைக்கும்தான் அதுல கொள்ளும். மூணு கூடிப்போச்சு.”

“கூடினா வழியட்டும். நிக்கிறது எதுக்கு?” என்றாள் மகள்.

“வண்டி மீட்டரு முழுசா ஓடினா சைபருக்கு வருதுல்ல? இது சைபருக்கும் கீழ, மைனஸோட கடைசிக்குப் போயிருது. மைனஸ் லெவலுக்கு என்ன செய்யணும்னு நான் எழுதலை. அதான் முழிச்சுக்கிட்டு நிக்கிது. இம்புட்டு தூரம் எவன் வரப்போறான்னு இருந்துட்டேன்.”

“ஆளு வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு” என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை காலை மகள் வேலைக்குக் கிளம்புமுன் அந்த இடத்தைப் பெரிதாக்கி எழுதி முடித்துவிட்டு, அதே கை அடித்துப் பார்க்கட்டும் என்றார். அவர் இருக்கும்போது நான் எப்படி உட்காருவது? குனிந்து நின்றுகொண்டே மவுஸைப் பிடித்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு பெருச்சாளி வந்தது. அடித்தேன்.

“கோடு விழலை மாப்பிள்ளை!”

வாய் தவறி நேராகவே கத்திவிட்டேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு நான் நகரப் போனேன்.

“இன்னும் இருபத்து மூணு அடிங்க அத்தை” என்றார் அவர், திரும்பாமலே. “லெவல் ஏறுதான்னு பாத்துருவோம்.”

ஒரு டஜன் ஆனதும் இடுப்பு விட்டுப்போனது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மிச்சத்தை அடித்தேன். முப்பத்து மூன்று என்று வந்தது.

சனிக்கிழமை வந்த மதுரைக்காரர் நேரே கரடியிடம் போய் மூன்று தடவை செத்தார். பிறகு பட்டியலைப் பார்த்தார். “முப்பத்து மூணா! யாருங்க இது?”

மகள் என் பக்கம் திரும்பினாள். சமையற்கட்டு வாசலிலிருந்து நான் இரண்டு கையையும் ஆட்டினேன், வேண்டாம், வேண்டாம் என்று.

“ரெண்டு மாசமா தெனமும் இங்கன வர்ற ஆளுதான் சார்” என்றார் மருமகன். “ரொம்பக் கூச்சம். ஆனா கணக்குல ஒண்ணு கூடாது, கொறையாது.”

“ரெண்டு மாசமா தெனமும் ஒருத்தர் வந்து இதை ஆடுறாருன்னா, என் கடையிலயும் ஆடுவாங்க” என்று சொல்லி, அவர் விளையாட்டு இருந்த சிடியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.