பச்சை மைப் பறவை

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைக் கடையில் வாங்குவது, பண்டிகை அன்று ஓட்டலில் சாப்பாடு வாங்குவதைப் போன்ற கேவலம். அப்பா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் ஒரு சின்னக் கம்பெனியில் இருபது வருடமாக வேலை பார்த்துவந்தார். வருடம் பூராவும் வெள்ளையையே பார்த்துக் கண் பூத்துப்போன மனுசனுக்கு டிசம்பர் பிறந்தால் வண்ணக் கிறுக்குப் பிடித்துவிடும் என்று அம்மா சொல்வாள். பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரம் எங்கள் முன்னறையில் கால் வைக்க இடம் இருக்காது.

சார்ட் அட்டையை மடித்து வெட்டி, அதன்மேல் கம்பெனியில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணியை விரிப்பார். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை மையில் தோய்த்து, சீப்பின்மேல் உரசி, பூந்தூறலாகத் தெளிப்பார். துணியை எடுத்தால் அட்டையில் நூல் நூலாக வலை விழுந்திருக்கும். வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டில் சொட்டு மண்ணெண்ணெய் கலந்து, பேசின் தண்ணீரில் விட்டு, ஈர்க்குச்சியால் ஒரு சுழற்றுச் சுழற்றி, மேலே காகிதத்தைப் படுக்கவைத்து எடுப்பார். சலவைக்கல் தரையைப் போல வரிவரியாக வரும் அந்தக் காகிதத்தைக் கீற்றாக வெட்டி அட்டையின் ஓரத்தில் ஒட்டுவார். நட்சத்திரமும் மணியும் ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தில் பிளேடால் செதுக்கிய முத்திரைகள். செருப்பு தேயாவிட்டாலும் டிசம்பரில் தேய்ந்ததாகவே கணக்கு.

இதெல்லாம் முன்பக்கம். உள்ளே பிரித்தால் ஒரு கிளை இருக்கும். கிளையில் எங்கள் குடும்பம் உட்கார்ந்திருக்கும்.

அது இப்படி. அப்பா பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் கிளை வரைவார். பிறகு ஒவ்வொருவராக முத்திரை மைப்பெட்டியில் பெருவிரலை ஒற்றி அதன்மேல் வைக்க வேண்டும். அப்பாவுக்கு நீலம், அம்மாவுக்குச் சிவப்பு, அக்காவுக்குப் பச்சை, எனக்கு ஊதா. ரேகை காய்ந்ததும் பேனாவால் மூக்கும் காலும் போட்டால் பறவை. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பறவை. நான் பிறந்த வருடம் என் விரலைப் பிடித்து அப்பாவே வைத்தாராம். வாழ்த்து வாங்கும் சொந்தக்காரர்கள் முதலில் பறவைகளைத்தான் எண்ணுவார்கள் என்று அம்மா சொல்வாள்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடத்தில் எண்ணிக்கை குறைந்தது. அக்கா தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த கடையில் செல்போன் ரிப்பேர் பார்த்தவர் வத்திராயிருப்புக்காரர், நம் சபை இல்லை, வேதமே வேறு. ஆவணி மாதம் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அப்பா சபைக் கமிட்டியில் இருந்தார். அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை, சாபம் கொடுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இந்த வீட்டில் இனி மூன்று பேர்தான் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அக்காவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. பஸ்ஸில் அரைமணி நேரத் தூரத்தில் இருந்தவள் துபாய்க்குப் போனவளைவிடத் தூரமாகிவிட்டாள். ராத்திரி பேன் பார்த்துத் தலை பின்னிவிட ஆள் இல்லை என்பதுதான் எனக்கு அவள்மேல் இருந்த வருத்தம்.

டிசம்பரில் அப்பா வழக்கம்போல இருபத்தாறு அட்டை செய்தார். இருபத்தைந்து தபாலுக்கு, ஒன்று எங்கள் ஷோகேஸ் கண்ணாடியில் செருகிவைக்க. தகர டப்பாவிலிருந்து மூன்று மைப்பெட்டிகளை மட்டும் எடுத்து வைத்தார். ஆனால் கைப்பழக்கம் பாருங்கள், கிளையை மட்டும் நான்கு பேருக்கே வரைந்துவிட்டார். மூன்றாவது கவட்டையில் யாரும் இல்லை. அம்மாவின் சிவப்புப் பறவைக்கும் நுனியில் உட்கார்ந்த என் ஊதாப் பறவைக்கும் நடுவில் பல் விழுந்த ஓட்டை மாதிரி ஒரு இடம் கிடந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம், மூன்று பேரும் பார்க்காததுபோல் விரலை ஒற்றி ஒற்றி வைத்தோம்.

அன்று சனிக்கிழமை சாயங்காலம். அப்பா சபையாரோடு கேரல் பாடப் போய்விட்டார். அம்மா அடுப்படியில் அச்சு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். அட்டைகள் கட்டிலின்மேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. காவலுக்கு நான். சும்மா கிட என்றால் கிடக்கிற பிள்ளை இல்லை நான். தகர டப்பாவைத் திறந்து பச்சை மைப்பெட்டியை எடுத்தேன். ஒரு வருடம் தொடாததில் காய்ந்து வறட்டியாக இருந்தது. தம்ளரிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டேன். கொஞ்சம் என்று நான் நினைத்தது அதற்கு அதிகம். பெட்டியைத் தூக்கியபோது விளிம்பு வழியாக ஒரு சொட்டு அட்டையில் விழுந்தது.

சரியாக அந்தக் காலி இடத்தில் விழுந்தது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படி விழவில்லை. இரண்டு விரற்கடை மேலே, வெறும் ஆகாயத்தில் விழுந்தது.

அட்டை கெட்டுப்போனால் அப்பா திட்டமாட்டார், கெட்ட அட்டையை எதிரே வைத்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குத் திட்டே மேல். சொட்டை மறைக்க வேண்டும் என்று இடதுகைப் பெருவிரலைப் பச்சையில் தோய்த்து அதன்மேல் வைத்து அழுத்தினேன். மூக்கு போட்டேன். கால் போட்டால் அந்தரத்தில் நிற்கும், அதனால் இரண்டு கோட்டில் சிறகு போட்டேன். பார்க்கத் தோதாகத்தான் இருந்தது. ஆனால் ஓர் அட்டையில் மட்டும் நான்கு பறவை இருந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லா அட்டையிலும் இருந்தால்? எல்லாம் ஒன்றுபோல இருந்தால் எவருக்கும் சந்தேகம் வராது என்பது அன்றைக்கு என் மூளைக்கு எட்டிய ஞானம். முறுக்கு மணம் வீடு முழுக்க நிறைவதற்குள் இருபத்தாறு அட்டையிலும் பச்சைப் பறவை பறக்கவைத்து, காய்ந்ததும் மூடி அடுக்கிவைத்துவிட்டேன்.

விரலில் ஏறிய மை சோப்புக்கு மசியவில்லை. எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் பேண்டேஜ் துணிக்குப் பஞ்சம் இல்லை. ஒரு துண்டைச் சுற்றிக்கட்டிக்கொண்டு, பிளேடு கிழித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட்டபின் அப்பா கட்டிலில் படுத்துத் தூங்கினார். அம்மா உறைகளைப் பரப்பிக்கொண்டு விலாசம் எழுத உட்கார்ந்தாள். முதல் அட்டையைப் பிரித்தவள் மூடவே இல்லை. இரண்டாவதைப் பிரித்தாள், மூன்றாவதைப் பிரித்தாள். தூங்குகிற அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன்.

என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "பாத்தியாட்டி, அப்பா அக்காவ வச்சிருக்காவ. வந்து உக்காரப் போற மாதிரி வச்சிருக்காவ."

அப்பாவிடம் கேட்கவா என்றேன். எனக்கு அதுதான் பயம்.

"கேட்றாத. அவிய வாயால சொல்ல மாட்டாவ. கேட்டா வீம்புக்கு மாறிருவாவ."

கட்டுப் போட்ட விரலை மடியில் மறைத்துக்கொண்டு மிகவும் பொறுப்பாகத் தலையாட்டினேன். அம்மா ஷோகேஸுக்கென்று இருந்த இருபத்தாறாவது அட்டையையும் உறையில் போட்டாள். யார் மூலமாகவோ அறிந்துவைத்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் விலாசத்தை எழுதி, அதை உறைக் கட்டின் மேலாக வைத்தாள்.

திங்கட்கிழமை காலை அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பஜார் தபாலாபீஸுக்குப் போனார். வாழ்த்து அட்டை உறையை அப்போது ஒட்டமாட்டார்கள், மூடியை உள்ளே மடக்கிச் செருகினால் தபால் தலை குறைவு. தபாலாபீஸ் எதிரே டீக்கடையில் கண்ணாடித் தம்ளரை வாங்கி வைத்துக்கொண்டு அப்பா உறைக் கட்டைப் பிரித்தார். மேலே இருந்த விலாசத்தைப் படித்தார். மூடியை எடுத்து அட்டையை உருவிப் பிரித்தார். டீயில் ஆடை படிந்தது. அடுத்த உறையையும் உருவிப் பார்த்தார், அதற்கடுத்ததையும்.

"அம்மா வச்சாளா?"

ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோல் தலையை அசைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு சைக்கிள் பாரைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். விரலில் என்ன என்று கேட்டார். பிளேடு என்றேன். காலையில் குளித்ததில் கட்டு ஈரமாகி நெகிழ்ந்திருந்தது. என் கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். அவிழ்த்தால் தொலைந்தேன் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அவர் அவிழ்க்கவில்லை. சாப்பாட்டுப் பையில் எப்போதும் வைத்திருக்கும் துணிச்சுருளில் ஒரு முழம் கிழித்து, பழைய கட்டுக்கு மேலேயே சுற்றி, நுனியைப் பிளந்து முடிச்சுப் போட்டார். கம்பெனிக்காரர் கட்டு என்றால் கட்டுதான்.

"தண்ணி படாமப் பாத்துக்க, பாப்பா. பண்டிகை முடியட்டும், பொறவு அவுக்கலாம்."

பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் விலாசத்தில் கதவு எண்ணுக்குப் பக்கத்தில் 'மாடி' என்று சின்னதாக ஒரு சொல்லைச் சேர்த்தார். நான்கு மாதமாகப் பெயரைக்கூட எடுக்காதவருக்கு அவள் மாடியில் குடியிருப்பது எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்கு எல்லா ஊர் விலாசமும் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

பண்டிகை அன்று மதியம் அக்கா வந்தாள். அத்தானும் வந்தார், கையில் பால்கோவா டப்பா. அந்த ஊரிலிருந்து வருகிறவர்கள் வேறு எதைக் கொண்டுவருவார்கள்? வாசலில் செருப்பைக் கழற்றியவர்கள் உள்ளே வராமல் நின்றார்கள். அப்பா எழுந்துபோய், வாங்க, பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டார். அத்தான் கூட்டம் இல்லை என்றார். கிறிஸ்துமஸ் அன்று கூட்டம் இல்லாத பஸ் எங்கள் ரூட்டில் ஓடியதே கிடையாது. அக்கா அழுதாள், அம்மா அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சாப்பிடும்போது அம்மாவால் அடக்க முடியவில்லை. கறியைப் பரிமாறிக்கொண்டே அக்காவிடம் சொல்லிவிட்டாள்: "நான் ஒண்ணும் பண்ணல தாயி. உங்கப்பாதான் உன்னிய வச்சாவ."

இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அப்பா இப்போது நானில்லை என்பார், விசாரணை வரும், கட்டு அவிழும். அப்பா தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பாப்பா தட்டில் கறி இல்லையே, வை என்றார். அவ்வளவுதான். பேச்சு அதோடு முடிந்தது. அக்கா அவருடைய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் வழிய.

அன்று சாயங்காலம் அக்கா எனக்குத் தலை பின்னிவிட்டுப் பஸ் ஏறிப் போனபின் புறவாசலில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தேன். அப்பா சுற்றிய துணியின் வெளிப்பக்கம் அழுக்கேறியிருந்ததே தவிர வேறு கறை இல்லை. உள்ளே நான் சுற்றியதில் மேல்மடிப்பு வரைக்கும் பச்சை ஊறி, காய்ந்து, ஊருக்கே தெரிகிற மாதிரி இருந்தது. நல்ல வேளை, அப்பா அவிழ்த்துப் பார்க்கவில்லை என்று அடுப்பில் போட்டு எரித்தேன். இருபது வருடம் கட்டுத்துணி மடித்தவர், ஒரு காயத்தை அவிழ்த்துப் பார்க்காமல் அதன்மேலேயே எதற்காகக் கட்டுப் போடுவார் என்று யோசிக்கும் வயது இல்லை எனக்கு. நான் செய்த வேலைக்கு அப்பா பேர் வாங்கிக்கொண்டார் என்ற கோபம்தான் ரொம்ப நாள் இருந்தது.