நாலாம் நாள் கறவை

காலை 5.10. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி பஸ், ஆளுக்கு இருபத்தெட்டு ரூபாய். மாடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு நானும் என் மனைவி கோகிலாவும் கிளம்பினோம். மூன்று முறை கரு தங்கவில்லை; மூன்றாவது போய் இரண்டு மாதம். ஆஸ்பத்திரி சோதனைகளில் குறை எதுவும் தெரியவில்லை. போடி மலைக்கு அப்பால் உடும்பஞ்சோலையில் சீன முறையில் நாடி பார்த்து ஊசி குத்தும் வைத்தியர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, நாலாவது முயற்சிக்கு வழி கேட்கப் போகிறோம். ஊசி அவளுக்கு, பயம் எனக்கு. பையில் ஒரு ஊருக்கே போதுமான வாந்தி மாத்திரை.

பகல் 12.30. போடி. பழனி, தேனி என்று பஸ் மாறி வந்தாயிற்று. இனி ஷேர் ஜீப், ஆளுக்கு நூற்றைம்பது. மலை வளைவுகளில் நான் கண்ணை மூடி, கம்பியைக் கட்டிக்கொண்டேன்.

"அண்ணே, கம்பிய விடுங்க. அது ஜீப்போட சேந்தது" என்றார் டிரைவர்.

கோகிலா சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. என் சாதனை என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை 3.15. உடும்பஞ்சோலை. ஏலக்காய்க் கடைக்கு மேல் ஒற்றை அறை. வைத்தியர் செல்விக்கு ஐம்பது வயதிருக்கும், எஸ்டேட்டில் வளர்ந்தவர். கோகிலாவின் நாக்கைப் பார்த்தார். இரு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நெடுநேரம் கண்மூடியிருந்தார்.

"லைன் கெடைக்கலீங்களா?" என்றேன். அவர் கோகிலாவிடம் கேட்டார்:

"மூணாவது போனப்ப எத்தன நாள் படுத்திருந்த, தாயி?"

"மூணு நாளுங்க. நாலா நாள் கறவைக்குப் போயிட்டனுங்க."

"சீனாக்காரக கணக்குல இதுவும் பேறுகாலந்தான். மாசம் பூரா படுக்க வச்சு, சூடாக் குடுத்து, கால்ல காத்துப் படாமப் பாப்பாக. ஒன்னய யாரு பாத்தா?"

கோகிலா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எங்க செவலை மாடு கொறமாசத்துலயே கன்னு வீசினப்ப இவரு இருவது நாள் கஞ்சி காச்சி ஊத்துனாருங்க."

அந்த நாலாம் நாள் பால்கேனை நீட்டியவன் நான்தான். "எசமானியம்மாவுக்கு லீவு முடிஞ்சுதுங்களா?" என்றும் கேட்டிருந்தேன்.

அன்று ஊசி இல்லை. மாசிப்பத்திரி இலையைச் சுருட்டிய குச்சியைக் கொளுத்தி என்னிடம் கொடுத்தார் செல்வி. "பாதத்துகிட்டப் பிடிங்க, சூடு ஏறட்டும். சுட்டுறாதீக." இன்னொரு கையால் கோகிலாவின் பாதத்தைத் தாங்கினேன். கல்யாணமான பதினாறு வருடத்தில் முதல்முறை. குளிர்ந்த பால்கேன்போல் சில்லிட்டிருந்தது.

"கொழந்த தங்கும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். ஆசுபத்திரியையும் விட்றாதீக" என்றார். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மாலை 4.00. ஊர் திரும்பும் பஸ் பழனி தாண்டியதும் கேட்டேன்: "நாலாவதாப் பாக்கலாமா?"

"இப்பக் கேக்காதீங்க. அந்தம்மா கணக்குல மூணு பெத்திருக்கறனுங்க. மொதல்ல நான் படுத்துக்கறேன்."

உடும்பஞ்சோலையில் குளிர், எங்கள் ஊரில் தகிக்கும் வெயில். இந்த வெயிலில் கோகிலா காலுறை மாட்டி, கம்பளி போர்த்திப் படுத்திருக்கிறாள். வந்த மறுநாள் விடிகாலை கறவைக்கு நான் போனேன். செவலை உதைத்த உதையில் கேனோடு சாணியில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து சிரிப்பு வருமென்று காது கொடுத்தேன். வந்தது அழுகை, இரண்டு மாதம் தள்ளி வந்த அழுகை.

எழுந்து கை கழுவிவிட்டுக் கஞ்சிக்கு உலை வைத்தேன்.