பன்னீரால் கொடுத்த ஞானஸ்நானம்

இதை எழுத நாலு வருஷம் தயங்கினேன். இரண்டு தடவை காகிதம் வாங்கி, முதல் வரியோடு கிழித்துப் போட்டேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். இரங்கூன் டிராம் வண்டியில் டிக்கெட் கொடுத்துப் பிழைப்பவன். வேதசாஸ்திர சங்கதியை நான் எழுதினால் படித்தவர்கள் சிரிப்பார்களே என்று ஒரு கூச்சம். என் தப்பை நானே ஊருக்குச் சொல்ல வேண்டுமே என்ற வெட்கம் அதைவிடப் பெரிது. ஆனாலும் சர்வேசுரன் எனக்குச் செய்த உபகாரத்தை மூடிவைப்பது நன்றிகெட்டதனம் என்று இப்போது மனசு உறுத்துகிறது.

ஜெர்மன் சண்டை முடிகிற சமயத்தில் இரங்கூனில் விஷக்காய்ச்சல் பரவியது. நாங்கள் தாமுவே பேட்டையில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அடுத்த அறையில் எங்கள் கோயிலைச் சேர்ந்த ஒரு குடும்பம். அங்கே பிறந்து மூன்றே நாளான பெண்குழந்தைக்கு மூச்சுத் திணறியது. சுவாமியார் வேறு பேட்டையில் நோயாளிகளைப் பார்க்கப் போயிருந்தார். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும்; சொல்ல வேண்டிய வார்த்தைகளும் மனப்பாடம். என் மனைவி பானையிலிருந்து தண்ணீர் மொண்டு நீட்டினாள். நான் வாங்கவில்லை. ஊரே கால் கழுவுகிற முனிசிபல் குழாய்த் தண்ணீரையா மோட்சத்துக்குப் போகிற பிள்ளையின் தலையில் ஊற்றுவது என்று நினைத்தேன். மைத்துனி கல்யாணத்துக்கு வாங்கியதில் மிச்சப் பன்னீர் அலமாரியில் இருந்தது. அதை எடுத்து ஊற்றினேன். அறை முழுக்க மணந்தது. பிள்ளையும் பிழைத்துக்கொண்டது.

பிறகு கோயிலில் மீதிச் சடங்குகளைச் செய்தபோது, அப்போதிருந்த வயதான சுவாமியார் நான் சொன்ன வார்த்தைகளைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிசகில்லாமல் சொன்னேன். எதை ஊற்றினாய் என்று அவர் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

ஏழு வருஷம் போயிற்று. புதிதாக ஒரு சுவாமியார் வந்தார், என்னைவிட இளையவர். சுவிஸ் தேசத்தவர், தமிழ்நாட்டில் சில வருஷம் இருந்து நம் பாஷையைக் கற்றவர். வேதசாஸ்திரம் படித்தது ஜெர்மனியில், திருச்சபையே நடத்துகிற ஒரு சின்ன சர்வகலாசாலையில். படிப்பவர், படிப்பிப்பவர் எல்லாரையும் உம்முடைய டிராம் வண்டியில் ஏற்றினாலும் இடம் மிஞ்சும் என்று என்னிடம் சொல்வார். குளிர்காலத்தில் மை உறைந்துபோகுமாம். மைக்கூட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாடத்துக்குப் போவார்களாம். அங்கே எழுதிய கறுப்பு அட்டை நோட்டுகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். ஜனங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வேலைக்கு ஆள் பழக்குவதற்காக, ஞாயிறு பிற்பகலில் எங்கள் ஆறு பேருக்கு அவற்றைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். என்னைப் போன்றவனுக்கு ஜெர்மன் சர்வகலாசாலைப் பாடம் இரங்கூனில் கிடைத்ததை என்னவென்று சொல்வது!

அந்தச் சர்வகலாசாலையில் ஒரு வழக்கம் உண்டாம். சனிக்கிழமைதோறும் வாத்தியார் ஏதாவது சங்கடமான நிலைமையைச் சொல்லி ஒருவரை எழுப்புவார். பதில் தப்பானால் வைய மாட்டார். உன் பதிலை நம்பினால் யாருக்கு நஷ்டம் என்று மட்டும் கேட்பார். எங்கள் சுவாமியாரும் அப்படியே செய்தார்.

ஒரு ஞாயிறு, சாகக் கிடக்கிற பிள்ளைக்குப் பீரை ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தால் செல்லுமா என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். வீட்டுக்கு வீடு பீர் இருக்கிற அந்தச் சீமையில் இது சிரிப்புக் கேள்வி இல்லை என்றார். பிறகு நம் ஊருக்கு ஏற்றபடி இளநீர், மோர், பன்னீர் என்று அடுக்கி, பன்னீருக்கு என்னை எழுப்பினார்.

"நல்லாச் செல்லும் சுவாமி. தண்ணிய விட மரியாததானே."

"மரியாதை சரி. நிச்சயமா?"

அவர் நோட்டைப் புரட்டிச் சொன்னார்: தண்ணீர்தான் நிச்சயம். பன்னீர் சந்தேகம்; பெரிய வேதசாஸ்திரிகளே ஒத்துப்போகவில்லை. சந்தேகத்தில் ஓர் ஆத்துமத்தை விட்டுவைக்கக் கூடாது. முன்பு பெறாதிருந்தால் என்ற நிபந்தனையோடு மறுபடி கொடுக்க வேண்டும். பிறகு, யாருக்கு நஷ்டம் என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். நான் பன்னீர் ஊற்றிய அந்தப் பெண் அடுத்த மாதம் புதுநன்மை, அதாவது முதல்முதலாகத் திவ்விய அப்பம், வாங்கப்போகிறாள். ஞானஸ்நானம் இல்லாதவருக்கு நன்மை ஏது? நான் நோட்டில் எழுதுகிறவன் போலக் குனிந்து உட்கார்ந்துவிட்டேன்.

சந்தேகம்தானே, செல்லவும் செல்லலாமே என்று அந்த வாரம் முழுக்க என்னை நானே தேற்றிக்கொண்டேன். வண்டி புறப்பட மணியடிக்க மறந்து நின்றேன், டிரைவர் திரும்பி, "தூங்குறியா அண்ணே?" என்றான். கடைசியில் மனைவியிடம் சொன்னேன்.

"பானைத் தண்ணி இருக்குன்னு அன்னைக்கே நீட்டுனேன். நான் சொன்னா ஏறல. அதையே சொல்றதுக்கு ஜெர்மனில படிச்ச சாமி கப்பலேறி வரணுமாக்கும்" என்றாள். பிறகு, "போய்ச் சொல்லிருங்க. உங்க மானம் போனாப் போவுது" என்றாள்.

சுவாமியாரிடம் முழங்காலில் நின்று சொன்னேன். உபதேசியார் வகுப்பிலிருந்து என் பெயரை அடித்துவிடும்படியும் கேட்டேன். அவர் அடிக்கவில்லை. பிள்ளையின் தாயிடம் நீரே போய்ச் சொல்லும், அதுதான் இந்த வாரத்துப் பாடம் என்றார்.

அந்தக் குடும்பம் எண்ணெய் ஆலை வேலைக்காக ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினுக்குக் குடிபோயிருந்தது. லாஞ்சுப் படகில் போனேன். தாய் நாப்பி என்கிற பர்மா மீன்விழுதில் மிளகாய் சேர்த்து இடித்துக்கொண்டிருந்தாள். அந்த மீன்வாடையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். உலக்கை நின்றது.

"அன்னைக்கே செத்திருந்தா எம்புள்ள எங்க போயிருக்கும்ண்ணே?"

ஆண்டவருடைய இரக்கம் நம் நோட்டுப் புத்தகத்தைவிடப் பெரிது என்று சுவாமியார் சொன்னதை மட்டும் சொன்னேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "காய்ச்சலுக்குப் பயந்து அந்த வரிசையே கதவச் சாத்திக்கிட்டு கெடந்துச்சு. உள்ள வந்தது நீங்க ஒருத்தர்தான். தப்பா ஊத்துனாலும் வந்து ஊத்துனீங்க. எப்பக் கூட்டியாரணும், சொல்லுங்க."

சனிக்கிழமை காலையில் கூட்டிவந்தாள். கோயில் கிணற்றில் என்னையே தண்ணீர் இறைக்கச் சொன்னார் சுவாமியார். அந்தச் சிறுமி என் பக்கத்தில் வந்து, "பேர மாத்திருவாங்களா மாமா?" என்று கேட்டாள். அதே பேர்தான் என்றேன். "அப்ப எதுக்குத் தலைய நனைக்கணும்? இப்பத்தான் எண்ண வச்சு வாரிவிட்டாங்க" என்றாள். சுவாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு வார்த்தைகளைச் சொன்னார். நான் செம்பைப் பிடித்திருந்தேன். வெறும் கிணற்றுத் தண்ணீர். அதற்கு வாசனை கிடையாது. அவ்வளவு சந்தோஷத்தோடு நான் எதையும் கையில் பிடித்ததில்லை. அடுத்த மாதம் அவள் வெள்ளை உடுப்பில் நன்மை வாங்கினாள். என்னை வெட்கப்படுத்தித் திருத்திய ஆண்டவருக்கும், மைக்கூட்டைக் கக்கத்தில் வைத்துப் படித்தவருக்கும், அந்தத் தாய்க்கும் நான் செலுத்தும் தோத்திரம் இந்தக் காகிதம்தான்.

வாசிக்கிறவர்கள் இதைக் கோயிலிலும் வீட்டிலும் பிறருக்குச் சொல்லுங்கள், எழுதியபடியே சொல்லுங்கள். டிராம் கொட்டகையில் அரைகுறையாகக் கேள்விப்பட்ட சிலர் இப்போதே கதையில் பன்னீரைக் கள் ஆக்கிவிட்டார்கள். சாகும் பிள்ளைக்குச் சாதாரணத் தண்ணீர் போதும் என்பது கதை மாறினால் மறைந்துபோகும். எனக்கு நல்ல பெயர் வரும்படி எதையும் கூட்டவும் வேண்டாம். அந்தத் தாய் என்னை வைததாகவும் சொல்லிவிடாதீர்கள். அவள் வையவில்லை.