ஒனெசிமும் ஜனீனும் ஒரே மைக்கில் பாடிய கதை

1. கழற்றாத கோட்

ஜனீன் ஸ்டூடியோவுக்குள் வந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பாடும் அறைக்குள் பக்கத்துப் பக்கத்தில் நான் போட்டு வைத்திருந்த இரண்டு ஸ்டூல்களையும் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அந்தாளோட ஒரே அறைக்குள்ள நிண்டு நான் பாடமாட்டன். அதுதான் ஏற்பாடு எண்டால் சொல்லும், இப்பவே போறன்."

போட்டு வந்த குளிர்கோட்டை அவர் இன்னும் கழற்றவில்லை. அன்றைக்கு ஒரு நாள்தான் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த நாளுக்குள் பாட்டு சரிவராவிட்டால் அது இல்லாமலே இசைத்தட்டு வெளிவரும் என்று கம்பனி சொல்லியிருந்தது.

என் பெயர் புளோறா. மன்னாரிலிருந்து கனடாவின் மொன்றியலுக்கு வந்தவள். முதலில் அந்த நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயம் வைத்தேன். அந்த வேலையோடு ஒலிப்பதிவு வகுப்புக்கும் போனேன். கோவில் திருவிழா, கலியாண வீடு என்று எங்கள் சனத்துக்கு சவுண்ட் பிடித்துப் பழகி, கடைசியில் டவுன்டவுனில் ஒரு ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளராகச் சேர்ந்தேன். போன வருடம்தான் ஓய்வு எடுத்தேன். இந்தத் துறைக்கு வர விரும்பும் பிள்ளைகள், "அன்ரி, நீங்கள் செய்த வேலையில ஆகத் திறமானது எது?" என்று கேட்பார்கள். நான் இந்த ஒரு பாட்டைத்தான் சொல்வேன். இதில் வருகிறவர்கள் எல்லாரும் கதைத்தது பிரெஞ்சு. எனக்கு அது எங்கட தமிழாகவே மனதில் பதிந்துபோய் இருக்கிறது.

2. சலூனுக்குப் போன தூது

ஒனெசிம் அப்போது எழுபதைத் தாண்டிய கன்ட்ரி பாடகர். கிட்டாரும் வயலினுமாக, தூர வேலைக்குப் போகிறவர்களைப் பற்றியும் பிரிவைப் பற்றியும் பிரெஞ்சில் பாடுகிற பாட்டுகள். நகரத்து ஆட்கள் அந்தப் பாட்டுகளைக் கொஞ்சம் நக்கலாகத்தான் பார்ப்பார்கள். நகரத்தை விட்டு ஒரு மணித்தியாலம் கார் ஓடினால் அவருடைய பெயருக்கே மண்டபம் நிறையும்.

2000களின் நடுவில் அவரை வைத்து ஒரு ஜோடிப் பாட்டுத் தட்டு செய்யக் கம்பனி முடிவெடுத்தது. ஒவ்வொரு பாட்டிலும் ஓர் இளம் பாடகரோ பாடகியோ அவரோடு சேர்ந்து பாடவேண்டும். ஒரு ரொக் பெடியன் வந்தான். வானொலியில் எந்நேரமும் கேட்கிற பொப் பாடகி ஒருத்தி வந்தாள். எல்லாம் நன்றாகவே போனது. கடைசிப் பாட்டுக்கு ஆரைப் பிடிப்பது என்று கம்பனிப் பொறுப்பாளர் லூக் கேட்டபோது ஒனெசிம், "ஜனீன்" என்றார்.

லூக்குக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. ஒனெசிம் பாடத் தொடங்கிய காலத்தில் தனியாளாக இல்லை, ஜனீனோடு ஜோடியாகப் பாடினார் என்பது பிறகுதான் தெரிந்தது. கணவன் மனைவி இல்லை, பாட்டில்தான் ஜோடி. ஒனெசிமை மட்டும் தனியாகப் பாடச் சொல்லி ஒரு கம்பனி கேட்டிருக்கிறது. அவர் ஓம் என்றுவிட்டார். ஜனீனிடம் சொல்லவில்லை. தெருவில் ஒட்டியிருந்த போஸ்டரில் அவர் படத்தை மட்டும் பார்த்துத்தான் ஜனீனுக்கு விசயம் விளங்கியது. அதன் பிறகு ஜனீன் மேடை ஏறவே இல்லை. நகரத்தின் வடக்கே கார்ட்டியர்வில் பக்கம் ஒரு தலைமுடி சலூன் போட்டு நடத்திக்கொண்டிருந்தார்.

"நான் போனால் கதவைச் சாத்துவா. நீர் ஒருக்கால் போய்க் கேளும் புளோறா," என்றார் ஒனெசிம்.

இது ஒலிப்பதிவாளரின் வேலை இல்லை. என்றாலும் போனேன். முடி வெட்டுவதற்கு முறைப்படி நேரம் எடுத்து, கதிரையில் இருந்து, கழுத்தில் துணி கட்டிய பிறகுதான் விசயத்தைச் சொன்னேன். கண்ணாடியில் ஜனீனின் முகம் மாறவில்லை. கத்தரிக்கோல் மட்டும் நின்றது.

"ஏன், அவருக்குக் கால் இல்லையோ? வந்து கேட்கட்டுமன்."

"பயம் எண்டு நினைக்கிறன்."

ஜனீன் சிரித்துவிட்டார். மறுபடி வெட்டத் தொடங்கினார். ஒரு பக்கம் முடிந்த பிறகு சொன்னார்: "பாடுறன். ஆனால் தட்டின்ரை அட்டையில என்ரை பேரும் அவரின்ரை பேரும் ஒரே அளவு எழுத்தில வரவேணும். என்ரை பேர் முதல்."

லூக் இதைக் கேட்டுக் கத்தினார். "அவவை ஆருக்குத் தெரியும்? பேர் தெரிஞ்ச பெரிய ஆக்கள் எல்லாம் சின்ன எழுத்தில வர, ஒரு சலூன்காரி பெரிய எழுத்திலயோ?"

ஒனெசிம் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "பேர் இல்லாட்டி அந்தப் பாட்டு இல்லை. அந்தப் பாட்டு இல்லாட்டி மிச்சத்துக்கும் என்ரை குரலைப் பாவிக்க வேண்டாம்," என்றார். கம்பனியோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்தவர் அப்படிச் சொல்வது சின்ன விசயம் இல்லை. வழக்கு வந்திருக்கும். அதற்குப் பிறகு எந்தக் கம்பனியும் அவரைத் தொட்டிருக்காது. அவர் அசையவில்லை. கடைசியில் லூக்தான் இறங்கி வந்தார். அப்போதுதான் அந்த ஒரு நாள் கெடுவை வைத்தார்.

3. கண்ணாடிக்கு இரண்டு பக்கம்

ஆகவே ஜனீன் கோட்டோடு நின்றபோது எனக்கு யோசிக்க நேரம் இல்லை. ஸ்டூல்களை எடுத்துவிட்டேன். ஜனீனைப் பக்கத்தில் இருந்த பூத் என்கிற சின்ன அறைக்குள்ளும் ஒனெசிமைப் பெரிய அறையிலும் விட்டேன். நடுவில் கண்ணாடி. ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு ஹெட்போன். ஒனெசிம் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து "bonjour" என்று வணக்கம் சொன்னார். ஜனீன் பாட்டுத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு அவர்களுடைய பழைய பாட்டு. பனிக்காலத்தில் வேலை தேடி வடக்கே போகிறவனும், அவன் சொல்லாமல் போய்விட்டான் என்று நிற்கிற பெண்ணும் மாறி மாறிப் பாடுவது. பிறகு இருவரும் சேர்ந்து பாடுவார்கள், ஒனெசிம் கீழே மெலடி என்கிற மூல மெட்டையும் ஜனீன் அதற்கு மேலே ஹார்மனி என்கிற துணைக்குரலையும்.

முதல் டேக், அதாவது முதல் தரம் பாடி எடுத்த பதிவு, கேட்கவே ஏலவில்லை. பழைய சுதியிலேயே தொடங்கினார்கள். ஜனீனின் குரல் வயதோடு கீழே இறங்கியிருந்தது. மேல் சுரங்களில் உடைந்தது. ஒனெசிமின் குரலோ மெலிந்து மேலே போயிருந்தது. அடி சுரங்களில் வெறும் காற்றுத்தான் வந்தது. சுதியை ஏற்றினால் ஜனீனுக்குக் கஷ்டம், இறக்கினால் ஒனெசிமுக்குக் கஷ்டம். அடுத்தடுத்த டேக்குகளும் அப்படியே.

லூக் எனக்குப் பின்னால் நின்றார். "தனித்தனியா எடுத்துப்போட்டுக் கொம்பியூட்டரில இழுத்துச் சரிப்படுத்தும்."

"ஒண்டு ரெண்டு சுரம் எண்டால் செய்யலாம். இவ்வளவையும் இழுத்தால் பிளாஸ்டிக் மாதிரித்தான் கேட்கும்," என்றேன்.

ஜனீன் தன் டேக்கைப் போடச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இது என்ரை குரல் இல்லை," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒருவரை முப்பது வருடத்துக்குப் பிறகு கூப்பிட்டு வந்து, அவர் குரல் போய்விட்டது என்று அவருக்கே போட்டுக் காட்டியிருக்கிறோம்.

அப்போது ஒனெசிம் மைக்குக்குக் கிட்டப் போனார்.

"ஜனீன், நீர் என்ரை பாகத்தைப் பாடும். நான் உம்மட பாகத்தைப் பாடுறன்."

ஜனீன் ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்தார். "மேல் குரலோ? மெலடியை ஆருக்கும் விட்டுக் குடுக்காத ஆள் ஹார்மனி பாடப் போறாரோ?"

"ஓம். அதோட இன்னொண்டு. அந்தப் போஸ்டர் ஒட்ட முதலே நான் வந்து உம்மட்டைச் சொல்லியிருக்கவேணும். சொல்லேல்லை. நான் செய்தது பிழை, ஜனீன்."

ரெக்கோர்டிங் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தினேன். அது பாட்டு இல்லை, எங்களுடையதும் இல்லை.

பிறகு ஜனீன் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். பூத் கதவைத் திறந்துகொண்டு பெரிய அறைக்குள் போய் அவருக்கு முன்னால் நின்றார். "புளோறா, ஒரே மைக் வையும். அந்தக் காலத்தில அப்பிடித்தான் பாடினாங்கள்," என்றார்.

முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மாதிரிக் கேட்கிற மைக் ஒன்று எங்களிடம் இருந்தது. அதை நடுவில் வைத்து, இருவரையும் முகம் பார்த்து நிற்க விட்டேன். லூக்குக்குக் கோபம் ஏறியது. "ரெண்டு குரலும் ஒரே ட்ராக்கிலயோ? பேந்து எப்படிக் கூட்டிக் குறைச்சு பலன்ஸ் பண்ணுவீர்?"

"பண்ண ஏலாது. அவையளே பண்ணுவினம்."

பண்ணினார்கள். ஜனீன் மெலடி எடுக்கும்போது ஒனெசிம் அரை அடி பின்னுக்குப் போனார். அவர் மேலே ஏறும்போது ஜனீன் தலையைக் கொஞ்சம் திருப்பி இடம் விட்டார். பாகம் மாறியதில் சொற்களும் மாறின. போகிறேன் என்று ஜனீன் பாடினார். சொல்லாமல் போய்விட்டாயே என்று, தனித்து விடப்பட்டவரின் வரிகளை ஒனெசிம் பாடினார். அந்தப் பெரிய மனிதரின் மெல்லிய குரல் அந்த வரியில் நடுங்கியது. சுதி தப்பவில்லை. ஜனீனின் குரல் கீழே அகலமாக நின்று அவரைத் தாங்கியது. இரண்டாவது டேக்கில் பாட்டு முடிந்துவிட்டது. அறை மூலையில் இருந்து அவர்களுக்குக் கிட்டார் அடித்தவர் கடைசி நரம்பின் ஒலி அடங்கும்வரை கையை எடுக்கவில்லை.

லூக் ஒலி கலக்கிற கன்சோலில் இரண்டு கையையும் ஊன்றியபடி நின்றார். "பேரைப் பெரிசாவே போடுவம்," என்றார்.

4. முழு மண்டபம்

வானொலிக்காரர் கம்பனி அனுப்பிய பொப் பாட்டை விட்டுவிட்டு இந்தப் பாட்டைத்தான் பிடித்தார்கள். கார் ஓடும்போது ரேடியோவில் கேட்டேன். சலூனில் கேட்டேன். ஒருநாள் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற dépanneur என்கிற மூலைக்கடைக்காரர் பால் பக்கெற்றைத் தந்தபடி அதைப் பாடிக்கொண்டு நின்றார். "இது நான் எடுத்த பாட்டு," என்றேன். அவர் நம்பவில்லை.

அடுத்த வசந்தத்தில் டவுன்டவுனில் பெரிய மண்டபத்தில் கச்சேரி. நகரத்து ஆட்கள் நக்கலடித்த பாட்டுக்கு நகரத்து நடுவில் டிக்கெட் எல்லாம் முடிந்திருந்தது. சவுண்ட் நான்.

பின்னேரம் ஒத்திகை பார்த்தோம். மேடையில் பாடுகிறவர்களுக்குத் தங்கள் குரல் கேட்க முன்னால் மொனிட்டர் என்று சின்ன ஸ்பீக்கர் வைப்போம். என் வேலைக் காலம் முழுக்க பாடகர்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: என் குரலைக் கூட்டு, என்னைக் கூட்டு. ஜனீனோ என்னைக் கூப்பிட்டு, "என்னைக் குறையும், ஒனெசிமைக் கூட்டும்," என்றார். கொஞ்ச நேரத்தால் ஒனெசிம் தனியாக வந்து, "எனக்கு ஜனீனின்ரை குரல்தான் வேணும், என்ரை தேவையில்லை," என்றார். ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

ஜனீன்தான் முதலில் மேடைக்கு வந்தார். சலூன் வாடிக்கையாளர்கள் வரிசை வரிசையாக இருந்து அவர் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். பிறகு ஒனெசிம் வந்தார். அந்தப் பாட்டின் கடைசி அடி முடியும் முன்பே மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. கைதட்டலில் பாட்டு அமுங்கிவிட்டது. அவர்கள் நிறுத்தவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடி முடித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. அதற்குப் பிறகு இரண்டு கோடைகள் ஊர் ஊராகத் திருவிழாக்களில் பாடினார்கள். சனிக்கிழமைகளில் சலூன் பூட்டியிருந்தது.

பிள்ளைகள், மைக் விலையைப் பற்றியும் மென்பொருளைப் பற்றியும் என்னிடம் கேட்கிறீர்கள். கேளுங்கள், சொல்லித் தருகிறேன். ஆனால் மற்றவருடைய குரலைக் கூட்டச் சொல்கிற இரண்டு பேர் மேடையில் நின்றால் சவுண்ட் பிடிக்கிறவளுக்குச் செய்ய அதிகம் இல்லை. அன்று அந்தப் பாட்டு முழுவதும் நான் கன்சோலில் இருந்து கையை எடுத்துவிட்டு, மற்றச் சனத்தைப் போலக் கேட்டுக்கொண்டு நின்றேன்.