வளையத்துக்குள் மூன்று புள்ளிகள்

டோர்ட்மண்ட் பக்கம் ஒரு மருத்துவமனையின் கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை செய்த கடைசிக் காலத்தில், கிழக்கே நடக்கும் போரில் காயப்பட்டவர்கள் விமானத்தில் வந்தார்கள். வந்ததும் தனி அறை. காயத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டு எங்களுக்கு அனுப்புவார்கள்.

அதிலுள்ள கிருமியை வட்டத் தட்டில் பரப்பி, மேலே மருந்து வில்லைகளை வைத்து, குறித்த நேரம் சூட்டுப் பெட்டிக்குள் விடுவோம். மருந்து வேலைசெய்தால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றும், நிலாவைச் சுற்றி ஒளிவட்டம் கோட்டை கட்டியதுபோல. அதை மில்லிமீட்டரில் அளப்பது என் வேலை.

இளம் சிப்பாய் ஒருவனுக்கு இரண்டு தட்டுகளில் பன்னிரண்டு வில்லைகள் வைத்தேன். மறுநாள் காலை, நேரம் முடியுமுன் எட்டிப் பார்த்தேன். பதினொன்றைச் சுற்றி வளையமே இல்லை. பாலாடை போலக் கிருமி. மற்றவை தோற்றால் மட்டும் கொடுக்கும் கடைசி மருந்துக்கு மட்டும் வளையம் விழுந்திருந்தது.

தனி அறைத் தாதி ரெஜினா, மன்னார்க்காரி, தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணை, கிருமி எலும்புக்குள்ள போயிட்டுதாம். மருந்து கேக்குமெண்டா கால் தப்பும். இல்லாட்டி இண்டைக்கே எடுக்கோணுமாம். டொக்டர் பக்கத்தில நிக்கிறார்."

"வளையம் தெரியுது. ஆனா நேரம் முடியேல்லை."

"தெரிஞ்சால் சொல்லுங்கோவன். நீங்கள் தேத்தண்ணிக்கும் மணிக்கூடு பாக்கிற ஆள்."

"ஏலாது. மத்தியானம் வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கோ."

அன்று இராணுவ மருத்துவ அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். எல்லை, தளவாடம் என்று பேசிப் பழகிய மனிதர். வளையமில்லாத தட்டைப் பார்த்ததும் குரல் தாழ்ந்தது. நாளை நம் சிப்பாய்களே இப்படி வந்தால் எதைக் கொடுப்பீர்கள் என்று கேட்டார். தட்டைத் திரும்பச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். வெளியே பனி கொட்டியது. கண்ணை மூடினால் தட்டுகள் வெண்ணிறக் குளங்களாக மிதந்தன.

மத்தியானம் தட்டை விளக்கின்கீழ் சாய்த்தேன். வளையம் அப்படியே, பத்தொன்பது மில்லிமீட்டர். ஆனால் அதற்குள்ளே, ஊசிமுனை அளவில், மூன்று புள்ளிகள். கடைசி மருந்துக்குள்ளும் உயிரோடு வளர்ந்தவை. அதிகாரியிடம் நீட்டினேன். அவரும் எண்ணினார்.

இந்த மருந்தும் கேட்காது என்று தனி அறைக்குச் சொன்னேன். கால் போனது. சில நாள் கழித்து ரெஜினா கூப்பிட்டார்.

"காய்ச்சல் இறங்கிட்டுது அண்ணை. பெடியன் ஜன்னலால பனி பாக்கிறான்."

வேலையை விடும்வரை, கூடத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நான் சொன்னது இதுதான்: தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக நேரத்துக்கு முன் வாசிக்காதீர்கள்.

இப்போதும் நிலா கோட்டை கட்டினால் ஜன்னலருகே நின்றுவிடுகிறேன். உள்ளே நட்சத்திரம் இருக்கிறதா என்று எண்ணாமல் படுக்க முடிவதில்லை.